ப்ராக்ஸி கொடுப்போம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. காட்சித் தொடர்பியல் மாணவி

'ப்ராக்ஸி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கல்லூரியில் அனைவருக்கும் வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். வராத தோழிக்காகக் கடைசி பெஞ்சிலிருந்து குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' சொல்லும் அந்தக் கலையை ஆதரித்து எழுத நான் முன்வரவில்லை. மலர்க் குழுவினர் அஞ்ச வேண்டாம். நான் சொல்ல வந்தது படத்தொகுப்பில் கையாளப்படும் ப்ராக்ஸியைப் பற்றி. கேமரா தந்த பெரிய கோப்புக்குப் பதிலாக அதே காட்சியின் எளிய நகல் ஒன்றை உண்டாக்கி, அந்த நகலை வைத்தே வெட்டி ஒட்டி முடித்து, கடைசியில் அசலைப் பொருத்திப் படத்தை வெளியிடும் முறைக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் துறையில் இதை முதல் பருவத்திலேயே கற்பிக்க வேண்டும். குறும்படப் பயிற்சியில் எல்லாக் குழுக்களும் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இதில் அப்படி என்ன அவசரம் என்று கேட்கலாம். இன்று ஒரு குறும்படக் குழுவில் படத்தொகுப்பாளர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யாருக்குக் காட்சியின் ஓட்டம் தெரியும், யாருக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. யாரிடம் விலையுயர்ந்த மடிக்கணினி இருக்கிறதோ அவர்தான் படத்தொகுப்பாளர். மற்றவர்கள் பெயர்ப்பட்டியலில் 'உதவி' ஆகிறோம். மாலை ஐந்தே கால் பேருந்தை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாத என்னைப் போன்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கவும் முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் இருப்பது அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. நினைவகம் 4 ஜி.பி.தான். அதில் 4கே படத்தைப் போட்டால் ஆள் ஓர் அடி எடுத்து வைப்பார். அடுத்த அடிக்கு நாம் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் அந்த மடிக்கணினியால் படத்தொகுப்பே முடியாது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கணக்கைப் பாருங்கள். 4கே பிரேம் ஒன்றின் அளவு 3840×2160. அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். அதையே 960×540 அளவுள்ள நகலாக்கினால் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகி விடுகின்றன. கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் இரண்டு மணி நேரப் படம் 90 ஜி.பி. இடம் பிடிக்கும். நொடிக்கு 4 மெகாபிட் வீதத்தில் ப்ராக்ஸி எடுத்தால் அதே இரண்டு மணி நேரம் 3.6 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். சாதாரண பென் டிரைவில் போட்டு, டிபன் பாக்ஸோடு பையில் வைத்து ஊருக்கு எடுத்துப் போகலாம். ஷாட்கட், கேடன்லைவ் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இந்த வசதி இருக்கிறது.

கோப்பு சிறிதாவதால் மட்டுமே வேலை எளிதாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். கேமராவும் கைப்பேசியும் எச்.264, எச்.265 என்னும் முறைகளில் படத்தைச் சுருக்குகின்றன. மளிகைக் கடைக் கணக்கில் முதல் வரியில் பெயரை எழுதிவிட்டு அதன்கீழ் 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்கள் அல்லவா? அதே தந்திரம்தான் இது. ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்து வைப்பது. இடம் மிச்சம்; ஆனால் பத்தாவது வரியில் யார் பெயர் என்று அறிய முதல் வரிவரை விரலை வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். படத்தொகுப்பில் நாம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பதால் பாவம், கணிப்பொறி மூச்சு வாங்குகிறது. ப்ரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்டி போன்ற முறைகளில் ஒவ்வொரு வரியிலும் பெயர் முழுதாக எழுதப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐபோனில் 30 பிரேம் வேகத்தில் எச்.265 முறையில் எடுக்கும் 4கே படம் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி. அதற்கு 1920×1080 அளவில் எடுக்கும் ப்ரோரெஸ் ப்ராக்ஸியோ நொடிக்கு 45 மெகாபிட், நிமிடத்துக்கு 337 எம்.பி. நகல் அசலைப் போல இரு மடங்கு! ஆயினும் கணிப்பொறிக்கு நகல்தான் இலகு. பழைய இயந்திரமும் சிறிய பென் டிரைவும் உள்ள எங்களுக்கு 540 அளவு எச்.264 நகலே போதும். பிரேம் சிறியதாகிவிட்டால் 'மேற்படி' கணக்கை அக்காவின் மடிக்கணினியும் சமாளித்துவிடும்.

இந்த முறை ஏழைகளுக்கான ஊன்றுகோல் என்று ஒரு நண்பர் ஏளனமாகச் சொன்னார். அவருக்குச் சினிமாவின் வரலாறு தெரியாது போலும். பிலிம் காலத்தில் எந்தப் படத்தொகுப்பாளரும் கேமராவிலிருந்து வந்த நெகட்டிவைக் கத்தரித்து விளையாடியதில்லை. லேபில் நெகட்டிவைக் கழுவி, அதிலிருந்து ரஷ் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். மூவியோலாவில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டி, கீறல் விழுந்து பாழாவதெல்லாம் அந்தப் பிரிண்ட்தான். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். விளிம்பில் அடிக்கு ஓர் எண். அந்த எண்களைப் பார்த்து நெகட்டிவ் கட்டர் அசலைக் கடைசியில் ஒரே முறை வெட்டிச் சேர்ப்பார். கோடம்பாக்கமும் அப்படித்தான் படம் எடுத்தது, ஹாலிவுட்டும் அப்படித்தான். 1989ல் வந்த ஏவிட் கணிப்பொறியில்கூடத் தொடக்கத்தில் காட்சிகள் மங்கலாகவே தெரிந்தன. அதில் முடிவெடுத்து, வெட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு அசலுக்குப் போனார்கள். அடோபி பிரீமியர் புரோவில் 2016ல் இதற்கென்றே தனி வசதி வந்தது. பெரிய நிறுவனங்களும் கையாளும் முறையை ஊன்றுகோல் என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க. இம்முறையில் கவனம் தேவை என்பதை மறைக்க விரும்பவில்லை. பிலிமின் விளிம்பு எண் செய்த வேலையை இங்கே கோப்பின் பெயரும் டைம்கோடும் செய்கின்றன. வருகைப் பதிவேட்டில் ப்ராக்ஸி கொடுப்பவள் தோழியின் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டுமல்லவா, அதுபோல! சோனி கேமராக்களில் புதிய கார்டு போட்டால் பெயர் மீண்டும் சி0001 என்றே தொடங்குவதுண்டு. இரண்டு கார்டுகளை ஒரே போல்டரில் கொட்டினால் மணமகன் வர வேண்டிய இடத்தில் மாடு வந்து நிற்கும். கார்டுக்கு ஒரு போல்டர் என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும். நகலின் பிரேம் வேகமும் ஒலித்தடங்களின் எண்ணிக்கையும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். கைப்பேசிப் படத்தில் பிரேம் வேகமே ஏறி இறங்கும். அதை முதலில் ஒரே சீராக மாற்றி, அதையே அசலாகக் கொள்வது நல்லது. இல்லையேல் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

இன்னொன்று, போகஸ். சிறிய நகலில் எல்லா முகமும் தெளிவாகவே தோன்றும். சற்றே போகஸ் தவறிய ஷாட்டை நகலில் கண்டுபிடிக்க இயலாது. வண்ணத்தையும் நகலை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே ஷாட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளன்றும் முடிவு நாளன்றும் அசல் இருக்கும் கணிப்பொறி முன் குழுவே அமர வேண்டும். வெளியிடும்போது அசல் இணைந்திருக்கிறதா, 'ப்ராக்ஸியைப் பயன்படுத்துக' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வகுப்புக்கு எவர் குரல் கொடுத்தாலும், தேர்வு எழுத அசல் ஆள்தானே வரவேண்டும்!

துறைக்குச் சக்திமிக்க கணிப்பொறி ஒன்று வாங்க வேண்டும் என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். நான் அதற்கு எதிரி அல்லள். ஆனால் ஒரே ஒரு கணிப்பொறி வந்தால் அதற்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு சாவியும், சாவிக்கு ஒரு வரிசையும் வரும். அந்த வரிசையில் பேருந்துக்கு ஓடுபவர்களின் முறை எப்போதும் நாளைக்குத்தான். அதே பணத்தில் நல்ல ஹார்ட் டிஸ்குகள் வாங்கினால், அசலை இரண்டு பிரதிகளாகத் துறை அலமாரியில் பத்திரப்படுத்தலாம். நகல் எடுக்கும் வேலையை ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பழைய கணிப்பொறிகளே இரவெல்லாம் செய்யும். அவற்றுக்குத் தூக்கம் வராது. மின்சாரம் வீணாகுமே என்பார்கள். ஒரு கணிப்பொறி 100 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். விடிந்ததும் குழுவில் ஐந்து பேருக்கும் ஐந்து நகல். ஐவரும் அவரவர் வீட்டில் ஒரே காட்சியை ஐந்து விதமாக வெட்டிக் கொண்டு வரட்டும். எது சிறந்ததோ அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்.

அடுத்த பருவத்தில் எங்கள் குழு பக்கத்துக் கிராமத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் படம் எடுக்க இருக்கிறது. இரண்டு கேமரா, ஒரு கைப்பேசி. மாலையில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டும்போது இரண்டு கணிப்பொறிகளை மட்டும் அணைக்காமல் விட அனுமதி வேண்டி, பதினொரு பேர் கையொப்பமிட்டுத் துறைத் தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இரவுக் காவலர் அண்ணனிடமும் சொல்லி வைத்துவிட்டோம், பூட்டிய அறைக்குள் வெளிச்சம் தெரிந்தால் பதற வேண்டாம் என்று.