35 சதவீதம் வளர்ந்தது யாரு?

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு கொம்புக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருந்தேன். சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அக்கா மகன் திண்ணையில உட்கார்ந்து செல்லைத் தடவிக்கிட்டே சொன்னான். "மாமா, நம்ம திருவள்ளூர் மாவட்டம் பத்து வருஷத்துல 35 சதவீதம் வளர்ந்திருக்கு. மூணுல ரெண்டு பேர் டவுன்லதான் இருக்காங்க. இனிமே இங்க எதுக்கு விவசாயம்? விலை இருக்கும்போதே நிலத்தைக் கொடுத்துடுங்க."

என் ஒன்றரை ஏக்கரைப் பத்தி அவன் பேசினது பரவாயில்ல, வீட்டுப் பிள்ளை. ஆனா இதே பேச்சை ஒரு ஆபீஸ்லயும் கேட்டிருக்கேன். ஊருக்கு ஒரு நர்ஸ் வேணும்னு மனு கொண்டு போனப்போ, "உங்களுது டவுன் மாவட்டமாச்சே, பக்கத்துலயே எல்லாம் இருக்குமே"ன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சாங்க. அதனாலதான் இதை எழுதுறேன். நான் படிச்சது பத்தாவது. சதவீதமும் சராசரியும் பத்தாவதுக்குள்ளயே சொல்லிக் கொடுத்துடுறாங்க. அதுக்கு மேல இங்க ஒண்ணும் தேவையில்ல.

முதல்ல அந்த 35-ஐ எடுத்துக்குவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி திருவள்ளூர் மாவட்டத்துல 2001-ல 27,54,756 பேர். 2011-ல 37,28,104 பேர். கூடினது 9,73,348. பழைய தொகையால வகுத்தா 35.3 சதவீதம். கணக்கு சரிதான். அதே பத்து வருஷத்துல தமிழ்நாடு முழுக்க கூடினது 15.6 சதவீதம். மாநிலத்துல கூடின 97 லட்சம் பேர்ல பத்துல ஒரு பங்கு எங்க மாவட்டத்துல மட்டும் கூடியிருக்கு.

ஏன்? எங்க கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து வீடுகள்ல வதவதன்னு பிள்ளை பெத்துட்டாங்களா? எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு எத்தனை பிள்ளைங்க இருக்குன்னு வந்து எண்ணிப் பாருங்க. பதில் பக்கத்து வரியில இருக்கு. சென்னை மாவட்டம் அந்தப் பத்து வருஷத்துல வெறும் 3 லட்சம்தான் கூடியிருக்கு. சென்னைக்கு இந்தப் பக்கம் நாங்க 9.7 லட்சம், அந்தப் பக்கம் காஞ்சிபுரம் 11 லட்சம். பட்டணத்துல இடம் பத்தாம வழிஞ்சது எங்க தலையில விழுந்திருக்கு. ஆவடி மட்டும் 2.3 லட்சத்துலேர்ந்து 3.46 லட்சமாச்சு. அம்பத்தூர் 4.66 லட்சத்துல வந்து நின்னுச்சு. அது வாடகை வீடு தேடி வந்தவங்க வளர்ச்சி. எங்க ஊர் வளர்ச்சி இல்ல.

இதுல பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. 2018-ல சென்னை மாவட்டத்தைப் பெருசாக்கினப்போ அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாத்தையும் எங்ககிட்டேர்ந்து எடுத்து அங்க சேர்த்துட்டாங்க. ஆள் போயாச்சு, வருமானம் போயாச்சு. ஆனா அவங்களையும் சேர்த்து எண்ணின 37 லட்சமும் 35 சதவீதமும் இன்னமும் எங்க பேர்லயே ஓடுது. பாகம் பிரிச்சுட்டுப் போன தம்பியோட சம்பளத்தையும் சேர்த்து அண்ணனுக்கு வருமானச் சான்று கொடுக்கிற மாதிரி.

அடுத்து, "மூணுல ரெண்டு பேர் டவுன்." 2011-ல 65 சதவீதம். சரி. அப்போ மீதி 35 சதவீதம் எத்தனை பேர்னு யாராவது பெருக்கிப் பார்த்தீங்களா? 13 லட்சம். பெரம்பலூர் மாவட்டத்தையும் அரியலூர் மாவட்டத்தையும் சேர்த்தா எவ்வளவு ஜனமோ கிட்டத்தட்ட அவ்வளவு. ரெண்டு மாவட்டத்து ஜனத்தை "மீதி"ன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போறீங்க.

டவுன்னு எதைச் சொல்றாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். பஞ்சாயத்தா இருக்கிற ஊரைக்கூட கணக்கெடுப்புல நகரம்னு எழுதலாம். மூணு விதி. 5,000 பேர் இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்கணும், முழுநேரமா வேலை பார்க்கிற ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலையில இருக்கணும். நல்லா கவனிங்க, ஆம்பளைங்க. எங்க பக்கம் ஆம்பளைங்க காலையில சிப்காட் பஸ் ஏறிடுறாங்க. நாத்து நடுறது, களை எடுக்கிறது, வேர்க்கடலை பிடுங்கிறது, மல்லி பறிக்கிறது எல்லாம் பொம்பளைங்க. அந்த விதியில அவங்க கணக்கே இல்ல. புருஷன் கம்பெனிக்குப் போனா ஊரே டவுன் ஆயிடுது. சேத்துல நிக்கிறவ எங்க போனா?

சதவீதம் ஆளை மறைக்கும்ங்கிறதுக்கு இன்னொண்ணு சொல்றேன். பழங்குடி மக்கள்னா உங்களுக்கு உடனே நீலகிரி ஞாபகம் வரும். 2011-ல நீலகிரியில பழங்குடியினர் நாலரை சதவீதம். திருவள்ளூர்ல 1.27 சதவீதம்தான். பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. ஆளா எண்ணுங்க. நீலகிரியில 33 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. எங்க மாவட்டத்துல 47 ஆயிரத்துக்கு மேல. பெரும்பாலும் இருளர். செங்கல் சூளையிலயும் ரைஸ்மில்லுலயும் கிடந்து உழைக்கிற ஜனம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஜனம் வந்து கீழே இருக்கிற எண் பெருத்துப் போச்சு, அதனால மேல இருக்கிற இருளர் சதவீதம் சிறுத்துத் தெரியுது. ஆள் குறையல, வகுக்கிற எண்தான் கூடிப்போச்சு.

சராசரியும் இதே கதைதான். ஒரு கணக்குக்குச் சொல்றேன். தெருவுல அஞ்சு பேர். நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர். அஞ்சாவது ஆள் மனை போட வாங்கிப் போட்டது 46 ஏக்கர். சராசரி பத்து ஏக்கர்! காகிதத்துல எல்லாரும் பெரும் பண்ணையார். அஞ்சு பேரையும் வரிசையா நிக்க வச்சு நடுவுல நிக்கிறவனைக் கேளுங்க, "ஒரு ஏக்கர் சாமி"ம்பான். உண்மை அவன்கிட்டதான் இருக்கு. மாவட்டச் சராசரியைக் காட்டி எங்க ஊருக்குத் திட்டம் போடுறது அந்த 46 ஏக்கர்காரனைக் காட்டி நாலு பேரோட ரேஷனை நிறுத்துற மாதிரி.

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க குடிக்கிற தண்ணி பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகைன்னு எங்க பக்கத்து ஏரியிலேர்ந்து வருது. எங்க நிலத்தைப் பத்தி முடிவெடுக்கிற மேசையிலயும் உங்களை மாதிரிப் படிச்சவங்கதான் உட்கார்றாங்க.

2011-க்கு அப்புறம் 2021-ல எண்ணியிருக்கணும், எண்ணல. இப்போ 2027 மார்ச் 1-ஐ கணக்கு நாளா வச்சு எண்ணப் போறாங்க. எண்றது பிப்ரவரியில. அது சூளை சீசன். இருளர் குடும்பம் குடிசையைப் பூட்டிட்டுச் சூளையில இருக்கும். சிப்காட்ல வேலை செய்யுற ஒடிசா, பீகார் பசங்க ஒரே ரூம்ல பத்துப் பேர் ஷிப்ட் மாத்தித் தூங்குவாங்க. இவங்களைத் தேடிப் போய் எண்ணணும். விட்டுட்டா அடுத்த பத்து வருஷத்துக்கு அவங்க காகிதத்துல இல்லாதவங்க.

இனிமே யாராவது சதவீதம் சொன்னா மூணு கேள்வி கேளுங்க. எத்தனை பேர்? எந்த எல்லைக்குள்ள? எதை எதால வகுத்தீங்க? பதில் வரலைன்னா அது புள்ளிவிவரம் இல்ல, புரோக்கர் பேச்சு.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் நோட்டுல போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ நிலம்?"ன்னான். நவரைக்கு நாத்து விட்டாச்சுடா, வந்து ஒரு கட்டு தூக்குன்னேன்.