ஆறாம் வகுப்புக்கே சைக்கிள் வேண்டும்!



உங்களில் எத்தனை பேர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். வீட்டு வாசலிலேயே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம். நான் இன்றைக்குப் பேசப் போவது கிராமத்துப் பிள்ளைகளிடம். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் 3 கி.மீ., 4 கி.மீ., வயலும் கண்மாயும் காடுமாக இருக்கிறதே, அவர்களிடம். டவுன் பிள்ளைகளும் கேளுங்கள்; உங்கள் பாட்டி வீடு கிராமத்தில்தானே இருக்கும்!

முதலில் ஒரு கணக்கு. டீச்சர் என்றால் கணக்கு இல்லாமல் விடுவாளா?

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கி.மீ., என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் ஒரு மணி நேரம். சைக்கிளில் அவசரப்படாமல் மிதித்தாலே 20 நிமிடம். போகும்போது 40 நிமிடம் மிச்சம். வரும்போது 40 நிமிடம் மிச்சம். ஒரு நாளைக்கு 80 நிமிடம். வருஷத்துக்கு 200 நாள் பள்ளிக்கூடம் என்றால் 16 ஆயிரம் நிமிடம். அதை 60ஆல் வகுத்தால்? 266 மணி, 40 நிமிடம். ராத்திரி பகல் சேர்த்து முழுதாகப் பதினோரு நாளுக்கு மேல்!

அந்த நேரத்தில் விளையாடலாம், படிக்கலாம், தூங்கலாம். நான் தூக்கத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். முதல் பீரியடிலேயே கொட்டாவி விடும் பிள்ளைகளை 30 வருஷத்துக்கு மேல் பார்த்தவள் நான். அதில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே எழுந்து நடந்து வந்தவர்கள்.

நேரம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். விஷயம் அதைவிடப் பெரிது.

நம் ஊர்களில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கும். 1 கி.மீ.,க்குள் தொடக்கப்பள்ளி, 3 கி.மீ.,க்குள் நடுநிலைப் பள்ளி என்பது அரசாங்கம் வைத்திருக்கும் கணக்கு. உயர்நிலைப் பள்ளி இன்னும் தள்ளி. மேல்நிலைப் பள்ளி அதற்கும் தள்ளி. அதாவது, நீங்கள் வளர வளர, பள்ளிக்கூடம் உங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி., எழுதிக் கொடுத்து அனுப்புவோம். ஜூன் மாதம், யார் யார் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று விசாரித்தால், அந்தக் காலத்தில் எப்போதும் இரண்டு மூன்று பெயர் குறையும். பெரும்பாலும் பெண் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

அதில் ஒரு பிள்ளை, 16ஆம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் ஊருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் நடுவில் 5 கி.மீ., தூரம். அதில் பாதி தைலமரக் காடு. ''ஒத்தையில எப்படி டீச்சர் அனுப்புறது?'' என்று அவள் அம்மா கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விட்டாள். பாடம் கடினமாக இருந்ததா? இல்லை. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையா? அதுவும் இல்லை. வெறும் 5 கி.மீ., தூரம் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டது.

அதே மாவட்டத்தில்தான் ஓர் அதிசயமும் நடந்தது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இயக்கம் அது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் போக வேண்டிய பெண் தொண்டர்களுக்கு பஸ் கிடையாது; நடந்து போய்த் திரும்பினால் இருட்டிவிடும். அதனால், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க் கடனுக்கும் ஏற்பாடு செய்தார் கலெக்டர்.

பொழுது சாய்ந்தால் கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூடத்து மைதானத்திலும் ஒரே கூத்துதான்! கல் குவாரியில் வேலை செய்யும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆயாக்கள், டீச்சர்கள் எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து எழுந்து பழகினார்கள். எனக்கு அப்போது 30 வயது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மரத்தடியில் உட்கார்ந்து கேலி பேசிய ஆண்கள் உண்டு. பேசட்டுமே! லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. பாரவண்டி மாதிரி இருக்கும் ஆண்கள் சைக்கிளையே பெண்கள் ஓட்டினார்கள். அதிலும் ஒரு வசதி கண்டுபிடித்தார்கள். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்; பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம்!

1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதியதை இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அம்மா சைக்கிள் ஓட்டினால், மகள் ஓட்டுவதை யார் தடுக்க முடியும்?

பிறகு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்த மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுத்தார்கள். 2005-06ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர், மாணவியர் எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். மிக நல்ல திட்டம். உங்கள் அக்காவோ, அண்ணனோ வாங்கியிருப்பார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த சைக்கிள் எந்த வகுப்பில் கிடைக்கிறது? பிளஸ் 1ல். பள்ளிக்கூடம் தூரமாகப் போவது எப்போது? ஆறாம் வகுப்பில்! தூரத்தினால் நிற்கப் போகிற பிள்ளை, பிளஸ் 1 வருவதற்குள்ளேயே நின்றுவிடுகிறதே. அப்படி நின்ற பிள்ளைக்கு சைக்கிள் எப்படிக் கிடைக்கும்? தாகம் எடுத்தபோது கொடுக்காமல், தாகத்தைத் தாங்கி வந்தவர்களுக்கு மட்டும் தண்ணீர் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

பீகார் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே 2006ல், ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவியருக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து, 2017ல் கட்டுரை வெளியிட்டார்கள். உயர்நிலை வகுப்புகளில் சேரும் மாணவியர் எண்ணிக்கை 30 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. பள்ளிக்கூடம் 3 கி.மீ.,க்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மேற்கு வங்காளத்திலும் 2015 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சைக்கிள் கொடுக்கிறார்கள். சைக்கிள் கொடுப்பதில் வழிகாட்டியாக இருந்த நாம், வகுப்பு விஷயத்தில் பின்தங்கலாமா? ஒன்பதாம் வகுப்பும் எனக்குப் போதாது. ஆறாம் வகுப்பிலேயே வேண்டும் என்பேன்.

''டீச்சர், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கால் எட்டாதே?'' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. என் வயதுக்காரர்கள் பாருக்குள் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டு ஓட்டினோம். கடைகளில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். 'அந்தக் காலத்திலே நாங்க' என்று பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது. குரங்கு பெடலில் மெயின் ரோட்டுக்குப் போவது ஆபத்து. அதனால், சின்ன சைக்கிளாகக் கொடுக்கட்டும். அதைப் பிள்ளைக்குச் சொந்தமாகக் கொடுக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கட்டும். லைப்ரரி புத்தகம் மாதிரி. ஆறாம் வகுப்பில் எடுத்துக்கொள்கிற பிள்ளை, எட்டாம் வகுப்பு முடிந்து உயரமானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து வருகிற பிள்ளை அதை ஓட்டும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் என்றால் செலவும் அதிகம் ஆகாது.

''பஸ்தான் இலவசமாயிற்றே?'' என்பார்கள் சில பெரியவர்கள். நல்லதுதான். ஆனால், பல ஊர்களுக்கு டவுன் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவைதான் வரும். காலை பஸ்ஸை விட்டால் முதல் இரண்டு பீரியட் போச்சு. அந்த ஒரு பஸ்ஸில்தான் எல்லாரும் ஏற வேண்டும். படியில் தொங்குகிற தம்பிகளைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், கபடி பயிற்சி, அறிவியல் கண்காட்சி என்று எதற்கும் இருக்க முடியாது; பஸ் போய்விடும். சைக்கிள் உங்களுக்காகக் காத்திருக்கும்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு, பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிற தம்பிகள். பைக் ஓட்ட லைசென்ஸ் எடுக்க 18 வயது ஆக வேண்டும். கியர் இல்லாத, 50 சி.சி.,க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கும் என்று 2019ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் ஜாலிக்காக அப்பா ஜெயிலுக்குப் போகணுமா? 'சைக்கிள் என்றால் கேவலம், பைக்தான் கெத்து' என்று வகுப்பில் எவனாவது சொன்னால், அவனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சைக்கிள் ஓட்டுபவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போவீர்கள், பின்னால் எம்.சாண்ட் லாரி ஹாரன் அடித்தால் ஆளுக்கொரு பக்கம் சிதறுவீர்கள். கிராமத்து ரோடு அகலம் குறைவு. இடது ஓரமாக, ஒருவர் பின்னால் ஒருவராகப் போங்கள். அரட்டையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், திருப்பும்போது இடிக்கும். கேரியரில் வைத்துக் கட்டுங்கள். தங்கைகள் துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து. மழை பெய்த மண் ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் வண்டி வாரிவிடும்.

இருட்டில் லாரி டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். உங்களுக்கு அவர் விளக்கு தெரிகிறது என்பதால், அவருக்கும் உங்களைத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மண் அப்பியிருந்தால் துடையுங்கள். ஐந்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிக்கிற குட்டிகள், பெரியவர் துணை இல்லாமல் மெயின் ரோட்டில் ஓட்டக்கூடாது. ஊருக்குள்ளே எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றுங்கள்.

பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்தால் நம் ஊரில் சைக்கிள் ஓட்ட முடியாது. டியூபைக் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. துடைத்து, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் உலரவிட்டு ஒட்டுத்துண்டை அழுத்த வேண்டும். டயருக்குள் முள் மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் மாட்டினால், பத்தடி போவதற்குள் மறுபடி புஸ்ஸ்!

அண்ணன் காலேஜுக்குப் போனதும் அரசாங்க சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சாத்திக் கிடக்கிறதா? பழைய இரும்புக் கடைக்குப் போட விடாதீர்கள். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி எண்ணெய் போட்டால் ஓடும். உங்களுக்கு உயரம் சரியாக வரும்வரை ஒரு துணி போட்டு மூடி வையுங்கள்.

சரி, ஆறாம் வகுப்பு சைக்கிளை யாரிடம் கேட்பது? ஜன., 26, மே 1, ஆக., 15, அக்., 2 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். ஓட்டு உள்ள பெரியவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். அம்மா, அப்பாவோடு நீங்களும் போய் உட்காரலாம். அவர்கள் கையில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அதில் சைக்கிளோடு, வழியை மறைக்கிற கருவேலப் புதரை வெட்டவும், இருட்டான வளைவில் ஒரு தெருவிளக்கு போடவும் கேளுங்கள். 'பள்ளிக்கூடம் ரொம்ப தூரம்' என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். அளந்து எழுதுங்கள்.

எப்படி அளப்பது? சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோடு தரையைத் தொடும் இடத்திலிருந்து, மறுபடி தரையைத் தொடும் இடம் வரை உருட்டி, டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 26 அங்குல சக்கரம் என்றால் ஒரு சுற்று ஏறக்குறைய 2 மீட்டர், 7 செ.மீ., வரும். 483 சுற்று சுற்றினால் ஒரு கி.மீ.! ஒருவர் உருட்டட்டும், ஒருவர் எண்ணட்டும், நூறு சுற்றுக்கு ஒரு தடவை இன்னொருவர் நோட்டில் கோடு போடட்டும். புதர் எத்தனையாவது சுற்றில் வருகிறது, வளைவு எத்தனையாவது சுற்றில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மனுவின் மேலே தேதி போட மறக்காதீர்கள். ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.