மனப்பாடம் செஞ்சா விமானம் ஓட்டிட முடியுமா?

2023-ல் இண்டிகோ 500, ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அத்தனைக்கும் பைலட் வேணுமே! இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆனால், மணிக்கணக்கு மட்டும் போதுமா?

அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. அமைப்பு, விமானப் பயிற்சியாளர்களுக்கான கையேட்டில் கற்றலை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: மனப்பாடம், புரிதல், செய்து பார்த்தல், தொடர்புபடுத்துதல்.

'ஸ்டால்' ஆனால் என்ன செய்யணும்? "மூக்கைக் கீழே இறக்கணும் சார்" என்று எந்த மாணவரும் ஒப்பித்துவிடுவார். அது முதல் படிதான் (நம்ம ஊர் பரீட்சைக்கு அதுவே ஃபுல் மார்க்!). தரை நெருங்கும்போது ஸ்டால் ஆனால், பயத்தில் கை தானாக மூக்கை மேலே இழுக்கும்.

2009-ல் 228 பேரைப் பலிகொண்ட ஏர் ஃபிரான்ஸ் 447 விபத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்டால் எச்சரிக்கை அலறியும், விமானத்தின் மூக்கு மேல் நோக்கியே இழுக்கப்பட்டது. ஓட்டியவர்கள் மாணவர்கள் அல்ல, லைசென்ஸ் பெற்ற விமானிகள்.

அதனால் நல்ல பயிற்சியாளர் "ஸ்டால்னா என்ன?" என்பதோடு நிறுத்த மாட்டார். "ரன்வேக்குத் திரும்புறீங்க, வேகம் குறையுது. இப்போ என்ன பண்ணுவீங்க? ஏன்?" என்பார். மாணவர் தடுமாறினால் திட்ட மாட்டார். எந்தப் படியில் சிக்கியிருக்கிறார் என்று பார்த்து, அங்கிருந்தே மறுபடி ஆரம்பிப்பார்.