சோலார் வேனுக்கு எந்த இன்வெர்ட்டர்?

2012 மின்வெட்டில் பலர் விலை மலிவு என்று ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வாங்கி, ஃபேன் இரைச்சலோடு தூங்கினார்கள். அப்போதாவது கரண்ட் திரும்பி வந்து பேட்டரியை நிரப்பியது. உத்திரமேரூர் பக்கம் பெருநகரில் கம்பமே எட்டாத வயல் கொட்டகைக்கோ, சோலார் மாட்டிய வேனுக்கோ அந்த வசதி கிடையாது. வெயில் தந்தது மட்டும்தான்.

"பெரிசா வாங்குங்க சார்" என்பார் கடைக்காரர். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 1800 வாட்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. ஆக, கைக்கு வருவது 900. சும்மா இருக்கும்போதே 20 வாட் தின்னும் பெரிய இன்வெர்ட்டர், ஒரு நாளில் அதில் 480-ஐ விழுங்கிவிடும்!

ஒரு ஃபேன், இரண்டு எல்.ஈ.டி., செல்போன் சார்ஜர். இதற்கு 300 வாட் ப்யூர் சைன் வேவ் தாராளம். மிக்சி ஓடாதுதான். சட்னிக்கு அம்மி இருக்கிறதே!