காரியாலயங்களில் தபால் புழு

2000-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய "ஐ லவ் யூ" என்னும் கம்ப்யூட்டர் புழுவை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. புழுவை ஏவிய வாலிபரைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸ் தேசத்தில் சட்டமில்லை, வழக்கு கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் இயற்றிய சட்டமோ பழைய குற்றத்திற்குச் செல்லாது. நமது தேசத்தில் அதே வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-வது பிரிவின்படி, இத்தகையோரை நஷ்டஈட்டுக்கு உட்படுத்துகிறது. ஆயினும் கோர்ட்டுக்குப் போவது காரியம் கெட்ட பிறகுதானே!

அப்புழு பூட்டை உடைத்து வரவில்லை. காதற் கடிதமென்று வந்து, திறந்தவரின் விலாசப் புஸ்தகத்திலிருந்த அத்தனை பேருக்கும் தானே சென்றது. தெரிந்தவர் அனுப்பிய கடிதத்தை யார் சந்தேகிப்பார்? பெயரின் முடிவிலிருந்த "விபிஎஸ்" என்ற மூன்றெழுத்து, அது வாசிக்கும் கடிதமன்று, திறந்தவுடன் வேலை செய்யும் நிரல் என்பதைக் காட்டிக்கொடுத்திருக்கும். விண்டோஸ் அதை மறைத்து, முன்னிருந்த "டிஎக்ஸ்டி"யை மட்டும் காட்டிற்று. வாங்கிய நிலையிலேயே வைத்திருந்தால் இன்றும் அது அப்படியே மறைக்கிறது.

இப்படியிருக்க, நமது காரியாலயங்களில் நடப்பதென்ன? கடிதத்தைத் திறந்த குமாஸ்தாவுக்கு மெமோ! இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். மெமோவுக்கு அஞ்சி அடுத்த குமாஸ்தா வாய் திறவாதிருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் புழு நூறு மேஜைகளுக்குப் பரவிவிடும். உடனே தெரிவித்தவருக்குத் தண்டனையில்லை என்று நிர்வாகிகள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். சந்தேகம் தோன்றியதும் யந்திரத்தை வலையிலிருந்து துண்டித்து, டெலிபோனில் சொல்லவேண்டும். மின்னஞ்சலில் எச்சரிப்பது புழு வரும் வழியிலேயே ஆளனுப்புவதாகும்.

மற்றவை நிர்வாகத்தின் கடமை. நிரல்களைத் தாங்கிய இணைப்புகளைத் தபால் வாசலிலேயே தடுக்கவேண்டும். அன்றாட வேலைக்கு யந்திரத்தின் முழு அதிகாரம் எவருக்கும், மானேஜருக்குங்கூட, ஆகாது. திருத்தங்களை வந்தவுடன் ஏற்றவேண்டும். வேர்டு பத்திரங்களில் மேக்ரோ நுழைவதன் அபாயத்தை 1999 மார்ச்சிலேயே "மெலிஸா" காட்டிற்று. இன்டர்நெட்டிலிருந்து வருபவற்றை மைக்ரோஸாப்ட் கம்பெனி தானாகவே தடுக்கத் தொடங்கியது 2022-ல். அன்னியர் அமைத்தனுப்பியதை அப்படியே ஏற்று 23 வருஷம் காத்திருப்பது சுயராஜ்யம் பெற்ற ஜனங்களுக்கு அழகா? மெமோ எழுதும் மானேஜர்கள் தங்கள் மேஜை யந்திரத்தில் அம்மூன்றெழுத்து மறைப்பை நீக்கியிருக்கிறார்களா என்று ஊழியர் சங்கங்கள் கேட்கட்டும்.