அரபுச் சந்தை மாறுகிறது!

வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

துபாய்க்குப் போனால் பணம் கொட்டும் என்று ஒரு பேச்சு உண்டு.

இந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. நிலத்தை விற்றவர்களும் உண்டு. போனவர்களில் நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

இருவரும் போனது ஒரே ஊருக்குத்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

"எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. ஒரு நாட்டின் வழக்கம் என்ன, சட்டம் என்ன, வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஆபத்து குறைவு. தெரியாமல் போகிறவர், அடுத்தவர் சொன்னதையே நம்பவேண்டி வரும்.

அரபு நாடுகளின் சந்தை இப்போது வேகமாக மாறி வருகிறது. மாமா போன காலத்துச் சட்டம், மருமகன் போகும்போது இல்லை. ஆகவே புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

முத்துக் குளித்த ஊர்

எண்ணெய் கிடைப்பதற்கு முன், அந்தக் கடற்கரையில் என்ன தொழில் நடந்தது?

முத்துக் குளித்தார்கள்! நம் தூத்துக்குடியில் நடந்தது போலவே அங்கும் நடந்தது.

கோடை வந்தால் படகுகள் புறப்படும். மாதக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். படகுத் தலைவருக்கு 'நகுதா' என்று பெயர். அவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆட்கள் படகில் ஏறுவார்கள். முத்து சரியாகக் கிடைக்காவிட்டால், முன்பணம் கடனாக நிற்கும். அந்தக் கடனுக்காக மறு ஆண்டும் கடலுக்குப் போகவேண்டும்.

எடுத்த முத்து எங்கே போயிற்று? பெரும் பகுதி பம்பாய்ச் சந்தைக்கு வந்தது.

பிறகு ஜப்பானியர் செயற்கை முறையில் முத்து வளர்த்தார்கள். அது மலிவாகக் கிடைத்தது. 1929-ல் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. முத்துத் தொழில் நொடித்துப் போயிற்று. கடற்கரை ஊர்களில் வறுமை வந்தது.

ஒரே ஒரு சரக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்த மக்கள் அன்றே கண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மாறுதலுக்கு இதுவே திறவுகோல்.

நம் ரூபாய் ஓடிய கடைவீதி

அந்த நாடுகளில் ஒரு காலத்தில் நம் ரூபாய்தான் செலாவணியாக இருந்தது. தங்கக் கடத்தலைத் தடுப்பதற்காக, 1959-ல் ரிசர்வ் வங்கி அந்த நாடுகளுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பை இந்தியா குறைத்தது. அதுவரை ரூபாயை வைத்திருந்த ஊர்களில் பலவும் அதைக் கைவிட்டன.

துபாயில் எண்ணெய் கண்டுபிடித்ததும் அதே 1966-ல்தான். ஆனால் அதற்கு முன்பே துபாய் வியாபார ஊர் ஆகிவிட்டது.

எப்படி?

ஊருக்குள் புகுந்து வரும் கடற்கழி மணல் மூடிக் கிடந்தது. அப்போது ஆட்சி செய்தவர் ஷேக் ரஷீத். அவர் குவைத்திடம் கடன் வாங்கி, கழியைத் தூர் வாரினார். பெரிய படகுகள் உள்ளே வந்தன. படகு வந்தால் சரக்கு வரும். சரக்கு வந்தால் வியாபாரி வருவார்.

1971 டிசம்பர் 2-ந் தேதி ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. 1979-ல் ஜெபல் அலி துறைமுகம் திறந்தார்கள். 1985-ல் அதன் பக்கத்திலேயே 'சுதந்திர வர்த்தக வட்டாரம்' அமைத்தார்கள். அங்கே வெளிநாட்டார் முழு உரிமையோடு கம்பெனி நடத்தலாம் என்றார்கள். துபாயின் செல்வத்தில் பெரும் பகுதி எண்ணெயில் வந்தது அல்ல. துறைமுகத்திலும் கடைவீதியிலும் வந்தது.

காப்பி முதலில், கணக்கு பிறகு

அரபு வியாபாரியைப் பார்க்கப் போகிறீர்கள். போனதும் விலையைப் பேசலாமா?

கூடாது!

முதலில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று வணக்கம். பிறகு உடல்நலம் விசாரிப்பு. அடுத்து ஏலக்காய் மணக்கும் காப்பி வரும். கைப்பிடி இல்லாத சிறிய கோப்பை. கூடவே பேரீச்சம்பழம். வலது கையால்தான் வாங்க வேண்டும். கோப்பை காலியானதும் மறுபடியும் ஊற்றுவார்கள். போதும் என்றால், கோப்பையை மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும்.

"இது நேரத்தை வீணாக்குவது" என்று நினைக்கிறவர் வியாபாரத்தை இழப்பார். அந்த நேரத்தில் அவர்கள் உங்களை எடைபோடுகிறார்கள். அங்கே சரக்கை நம்புவதற்கு முன் ஆளை நம்ப வேண்டும். நம் ஊர் மண்டிக் கடையிலும் இந்த வழக்கம் உண்டு அல்லவா?

'இன்ஷா அல்லாஹ்' என்று அடிக்கடி சொல்வார்கள். 'இறைவன் நாடினால்' என்று பொருள். உறுதியாகவும் சொல்வார்கள். முகத்தை முறிக்காமல் மறுப்பதற்கும் சொல்வார்கள். நாம் 'பார்க்கலாம்' என்கிறோமே, அதுபோல! எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்களிடம் நாமாகக் கை நீட்டக் கூடாது. அவர்கள் நீட்டினால் கொடுக்கலாம். ரம்சான் மாதத்தில் அமீரகத்தில் வேலை நேரம் நாளுக்கு 2 மணி குறையும். பெரிய பேரங்களை அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

வார விடுமுறையும் ஊருக்கு ஊர் வேறு. சவுதி அரேபியா 2013-ல் வெள்ளி, சனி என்று மாற்றியது. அமீரக அரசாங்கம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை என்றது.

வரி இல்லாத ஊரில் வரி!

2014-ம் ஆண்டு நடுவில் ஒரு பீப்பாய் எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. முத்துக்கு வந்த கதி எண்ணெய்க்கும் வந்தால் என்ன செய்வது?

2016 ஏப்ரலில் சவுதி அரேபியா '2030 திட்டம்' என்று ஒன்றை அறிவித்தது. எண்ணெயை மட்டும் நம்பாமல் வாழ்வதே அதன் நோக்கம்.

2018 ஜனவரி முதல் தேதி, சவுதியிலும் அமீரகத்திலும் சரக்குகளுக்கு 5 சதவீத வரி வந்தது. 2020 ஜூலையில் சவுதி அதை 15 சதவீதமாக்கியது. 2023 ஜூன் முதல் அமீரகத்தில் கம்பெனி லாபத்துக்கும் வரி வந்தது. 3 லட்சத்து 75 ஆயிரம் திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். சம்பளத்துக்கு மட்டும் வருமான வரி போடவில்லை.

வரி போட்டால் வியாபாரி ஓடிவிடுவாரே? அதற்காக வேறு கதவுகளைத் திறந்தார்கள். முன்பு வர்த்தக வட்டாரத்துக்கு வெளியே கம்பெனி தொடங்கினால், 51 சதவீதப் பங்கு உள்நாட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2022 மே முதல் தேதி இந்தியாவும் அமீரகமும் செய்த வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே இருந்த 5 சதவீத இறக்குமதி வரி நீங்கியது. திருப்பூர் பனியனுக்கு இது நல்ல செய்தி.

சொந்த நாட்டாருக்கு முதல் இடம்

நல்ல செய்தியோடு கவலை தரும் செய்தியும் உண்டு.

அமீரகத்தில் வாழ்கிறவர்களில் பத்துக்கு ஏறக்குறைய 9 பேர் வெளிநாட்டார். "எங்கள் பிள்ளைகளுக்கு வேலை எங்கே?" என்று அந்த நாட்டுப் பெற்றோர் கேட்க மாட்டார்களா? நாம் கேட்கும் அதே கேள்விதான்.

சவுதி அரேபியா 2011-ல் 'நிதாகத்' என்ற திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பெனியும் இத்தனை சவுதியரை வேலைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். 2016-ல் கைபேசிக் கடைகளில் சவுதியர் மட்டுமே வேலை செய்யலாம் என்று உத்தரவு போட்டார்கள். அந்தக் கடைகளில் இருந்த வெளிநாட்டார் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அமீரகத்திலும், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் கம்பெனிகள் திறமை வேலைகளில் சொந்த நாட்டாரை ஆண்டுக்கு 2 சதவீதம் கூட்டவேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. 2026 முடிவில் 10 சதவீதம் என்பது இலக்கு.

இதன் பொருள் என்ன? உள்நாட்டார் விரும்பும் நாற்காலி வேலைகளில் போட்டி கூடும். கைத்தொழிலும் தனித் திறமையும் உள்ளவருக்கு இடம் இருக்கும். வெறும் சிபாரிசை நம்பிப் போகிறவர் பாடு திண்டாட்டம்.

சம்பளத்தில் ஒரு சூட்சுமம்

"மாதம் 1,500 திர்ஹாம் சம்பளம்" என்று ஏஜெண்டு சொல்வார். உடனே நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அதில் 'அடிப்படைச் சம்பளம்' எவ்வளவு என்று கேளுங்கள்.

அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டு ஒன்றுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஆனால் கணக்கு, அடிப்படைச் சம்பளத்தில்தான்!

அடிப்படை 1,000 திர்ஹாம் என்றால், 5 ஆண்டுக்கு 3,500 திர்ஹாம் கிடைக்கும். அடிப்படை 600 என்றால் 2,100 தான். மாதச் சம்பளம் ஒன்றே. கடைசியில் கைக்கு வருவது வேறு!

இன்னும் சில:

சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். "போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் முதலாளி வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. இரண்டும் அமீரகச் சட்டத்துக்கு விரோதம்.

நம் நாட்டில், பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று 2017-ல் இந்திய அரசாங்கம் உச்சவரம்பு வைத்தது. லட்சக்கணக்கில் கேட்பவரைக் கண்டால் விலகுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விசாரிக்கலாம்.

அன்று முத்துக் குளித்தவரை முன்பணக் கடன் படகோடு கட்டிப்போட்டது. இன்று ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கியவரையும் அது அப்படியே கட்டுகிறது. கெட்ட முதலாளியாக இருந்தாலும், கடன் தீரும் வரை அவரை விட்டு வர முடியாது. கடன் இல்லாமல் போகிறவரே நிமிர்ந்து நிற்க முடியும்.

தமிழில் கேளுங்கள்!

கடைசியாக ஒரு முக்கியமான செய்தி.

அமீரகத்தில் வேலை உறுதிக் கடிதம் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 2016 முதல் விதி உண்டு. அரபியோடும் ஆங்கிலத்தோடும் சேர்த்து அதற்கென்று வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று!

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்" என்று இனி யாரும் வருந்த வேண்டாம். தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள். சம்பளம், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகிய நான்கையும் வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். மனைவி கேட்கட்டும். பெற்றோர் கேட்கட்டும். புரியாத வரியைத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கையெழுத்தை அதன் பிறகு போடுங்கள்.