எம்.சி.பி.யை மாத்தாதீங்க, முதல்ல கணக்கைப் போடுங்க!

போன லீவுல பத்தமடை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில ஹீட்டர், மோட்டார், ஏசி மூணும் சேர்ந்து ஓடினா மெயின் விழுந்துரும். "16 ஆம்பியரைக் கழட்டிட்டு 32 போட்டா சரியாயிரும்லா மருமவனே"ன்னார் மாமா. எலக்ட்ரீஷியன் சொன்ன யோசனையாம்.

எனக்குப் பகீர்னு ஆச்சு. அது பாய் நெய்யுற வீடு. ஸ்விட்ச் போர்டுக்குக் கீழேயே காய்ஞ்ச கோரைக் கட்டு அடுக்கியிருக்கு.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஹீட்டர் 2000 வாட், ஒன்றரை டன் ஏசி 1700, ஒரு எச்.பி. மோட்டார் இழுக்கிறது 1100, ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் சேர்த்து 765. மொத்தம் 5565 வாட். 230 வோல்ட்டால வகுத்து, பவர் ஃபேக்டர் 0.9 வச்சா கிட்டத்தட்ட 27 ஆம்பியர். மெயினுக்குப் போட்டிருக்கிற 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் பைப்புக்குள்ள தாங்குறது சுமார் 20 ஆம்பியர்தான்.

எம்.சி.பி. காப்பாத்துறது ஏசியை இல்ல, வயரை. 32 போட்டா அது விழாது. அதுக்குப் பதிலா சுவத்துக்குள்ள வயர் சூடாகும். காப்பு உருகுறது வெளிய தெரியாது. தெரியிற அன்னைக்கு கோரை சும்மா இருக்குமா?

இதுல மிக்சி, அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் இன்னும் சேரல. எல்லாம் ஒரே நேரம் ஓடாதுங்கிறது உண்மைதான். ஆனா நம்ம மாநிலத்துல சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைக்கும்தான். அதனால சரியான வழி லோடைக் கூட்டிக் கேட்டு த்ரீ பேஸ் வாங்குறது. ஏசி ஒண்ணுல, ஹீட்டர் ஒண்ணுல, மத்ததெல்லாம் மூணாவதுலன்னு பிரிச்சா ஒரு பேஸுக்கு 9 ஆம்பியர் பக்கம்தான் வரும். கூடவே வயரையும் எர்த்தையும் சரிபார்த்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் போடணும்.

செலவு ஆகும், மறுக்கல. மாமாவும் முதல்ல முகத்தைச் சுளிச்சார். தாளைக் காட்டினதும் கோரைக் கட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி, எழுதிப் போடுவோம்"னார்.

என் வருத்தம் எலக்ட்ரீஷியன் மேல இல்ல, நம்ம மேலதான். சப்ஸ்டேஷனுக்கு சிங்கிள் லைன் டயக்ராம் போட்டு மார்க் வாங்குறோம். சொந்த வீட்டு மெயின் எத்தனை ஆம்பியர்னு கேட்டா முழிக்கிறோம். இந்தக் கணக்குக்குக் கூட்டலும் வகுத்தலும் போதும். அடுத்த லீவுல ஊருக்குப் போறப்ப ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கிட்டு உங்க வீட்டு மீட்டர் முன்னால போய் நில்லுங்க.